அறையைக் காட்டாதே, அளவை மட்டும் சொல்

மரச்சாமான் விற்கும் ஒரு கடையின் இணையப் பக்கத்தைக் கைபேசியில் திறக்கிறோம். நாற்காலியின் படத்துக்குக் கீழே ‘உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள்’ என்று ஒரு பொத்தான். அதைத் தொட்டதும் கேமரா திறந்துகொள்கிறது. நம் கூடத்துத் தரை திரையில் தெரிகிறது. அந்தத் தரைமேல் நாற்காலி வந்து நிற்கிறது. சுற்றி நடந்தால் அதன் முதுகைப் பார்க்கலாம். குனிந்தால் இருக்கையின் அடிப்பக்கம் தெரியும். போனைச் சன்னல் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி கொண்டுவந்தாலும், நாற்காலி விட்ட இடத்திலேயே, அதே டைல்ஸின் மேலேயே நிற்கிறது.

இதில் இரண்டு புதிர்கள் இருக்கின்றன. முதலாவது எல்லோருக்கும் தோன்றுவது: கூடத்தின் நீள அகலத்தை யாரும் போனுக்கு அளந்து சொல்லவில்லை. பிறகு, தரை எங்கே இருக்கிறது, போன் எவ்வளவு நகர்ந்தது என்பதெல்லாம் அதற்கு எப்படித் தெரிகிறது? இரண்டாவது புதிர் பலருக்குத் தோன்றுவதில்லை. தோன்ற வேண்டும் என்பது என் ஆசை. நாற்காலியைத் தரையில் நிறுத்துவது கடைக்காரர் எழுதிய நிரல். அது எங்கோ ஒரு சர்வரிலிருந்து இந்த நிமிடம் வந்து இறங்கியது. தரை எங்கே என்று அதற்குத் தெரிந்தால், தரையில் கிடக்கும் மருந்துச் சீட்டும், சோபாவில் தூங்கும் குழந்தையும் அதற்குத் தெரிந்தாக வேண்டுமே? தெரியவில்லை என்றால், எதையும் பார்க்காமல் அது நாற்காலியை எப்படிச் சரியாக வைத்தது?

நிஜ உலகக் காட்சியின்மேல் கணினி வரைந்த பொருளைப் பொருத்திக் காட்டும் இந்த வித்தைக்கு மிகை மெய்ம்மை என்று பெயர். முழுக்கவும் கணினி வரைந்த உலகத்துக்குள் நம்மை அழைத்துப் போவது மெய்நிகர். ரொனால்ட் அசுமா என்ற ஆய்வாளர் 1997ல் எழுதிய ஆய்வுத் தொகுப்பில் மிகை மெய்ம்மைக்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார். மெய்யும் கற்பனையும் ஒரே காட்சியில் கலந்திருக்க வேண்டும். நாம் அசைய அசைய அந்தக் கணமே அது மாற வேண்டும். நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தி நிற்க வேண்டும். மூன்றாவதுதான் கடினம். கிரிக்கெட் ஒளிபரப்பின் ஓரத்தில் தெரியும் ஸ்கோர் அட்டை காட்சியின்மேல் ஒட்டியது; காட்சிக்குள் இருப்பதில்லை. நாற்காலி காட்சிக்குள் இருக்கிறது.

அதற்குப் போன் ஒரு கேள்விக்கு இடைவிடாமல் பதில் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: நான் இப்போது எங்கே இருக்கிறேன், எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்? இடத்தைச் சொல்ல மூன்று எண்கள், திசையைச் சொல்ல மூன்று. ஆறும் சேர்ந்ததை இந்தக் கட்டுரைக்காக ‘இருப்புநிலை’ என்று வைத்துக்கொள்வோம்.

1968ல் ஐவன் சதர்லண்ட் தலையில் மாட்டும் திரை ஒன்றைச் செய்தபோது இந்தக் கேள்விக்கு இரும்பால் பதில் சொன்னார். கூரையிலிருந்து இறங்கிய உலோகத் தண்டு ஒன்று தலைக்கவசத்தோடு பிணைக்கப்பட்டிருந்தது. தலை திரும்பினால் தண்டின் மூட்டுகள் திரும்பும். மூட்டுகளின் கோணத்தை அளந்து கணினி படத்தை மாற்றி வரையும். இன்றைக்கு அந்தத் தண்டின் வேலையைச் செய்வது போனுக்குள் இருக்கும் இரண்டு சின்னஞ்சிறு உணரிகளும் ஒரு கேமராவும்.

உணரிகளில் ஒன்று கைரோஸ்கோப். எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்று அளப்பது. இன்னொன்று முடுக்கமானி; வேகம் கூடுவதையும் குறைவதையும் அளப்பது. இரண்டும் நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அளந்து சொல்கின்றன. முடுக்கம் தெரிந்தால் அதைக் கூட்டிக்கூட்டி வேகத்தையும், வேகத்தைக் கூட்டிக்கூட்டி நகர்ந்த தொலைவையும் கண்டுபிடித்துவிடலாமே என்று தோன்றும். சோதித்துப் பார்ப்போம். முடுக்கமானி புவியீர்ப்பு முடுக்கத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு எப்போதும் ஒரே பக்கமாகத் தவறுகிறது என்று கொள்வோம். தவறு இரண்டு முறை கூட்டப்படுவதால் காலத்தின் வர்க்கத்தோடு வளரும். பத்து நொடியில் அரை மீட்டர். ஒரு நிமிடத்தில் 17 மீட்டருக்கும் மேல். நாம் அசையாமல் நிற்கும்போதே நாற்காலி சுவரைத் தாண்டித் தெருவுக்குப் போயிருக்கும். ஆகவே, உணரிகளை மட்டும் நம்பி இந்த வித்தையைச் செய்ய முடியாது.

கேமராவுக்கு இந்தச் சறுக்கல் இல்லை. அது வேறொரு உண்மையைப் பயன்படுத்துகிறது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாறி மாறி மூடிப் பாருங்கள். விரல் தாவும், எதிர்ச்சுவர் அவ்வளவாக அசையாது. பார்க்கும் இடம் நகரும்போது கிட்டத்துப் பொருள் அதிகமும் தூரத்துப் பொருள் குறைவும் நகர்கின்றன. போன் ஒவ்வொரு படத்திலும் தனித்து அடையாளம் காணத்தக்க நூற்றுக்கணக்கான புள்ளிகளைத் தேர்ந்துகொள்கிறது. டைல்ஸின் மூலை, மேசையின் விளிம்பு, பாய்ப்பின்னலில் ஒரு முடிச்சு எதுவானாலும் சரி. அடுத்த படத்தில் அந்தப் புள்ளிகள் எங்கே போயின என்று பார்க்கிறது. எல்லாப் புள்ளிகளின் நகர்வையும் ஒருசேர விளக்கக்கூடிய கேமரா அசைவு ஒன்றுதான் இருக்க முடியும். அதைக் கண்டுபிடிக்கும்போதே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதும் கிடைத்துவிடுகிறது. வரைபடத்தை வரைவதும், அதற்குள் தன் இடத்தைக் குறிப்பதும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள்.

ஒரே ஒரு கேமராவைக் கொண்டு இதை நிகழ்நேரத்தில் செய்ய முடியும் என்று ஆண்ட்ரூ டேவிசன் 2003ல் காட்டினார். 2007ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் கிளைனும் டேவிட் மரேயும் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். இடம் கண்டுபிடிப்பது ஒவ்வொரு படத்துக்கும் உடனுக்குடன் நடக்கட்டும். வரைபடத்தைத் திருத்துவது பின்னணியில் நிதானமாக நடக்கட்டும் என்பது அவர்கள் யோசனை. அந்தப் பிரிவினைக்குப் பிறகுதான் வரைபடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை வைத்துக்கொள்ள முடிந்தது.

ஆனால் கேமராவுக்கும் ஒரு குறை உண்டு. அருகில் இருக்கும் சின்ன அறையும் தொலைவில் இருக்கும் பெரிய அறையும் அதன் கண்ணுக்கு ஒன்றுதான். சினிமாவில் ஓர் அடி உயர மாதிரியை மாளிகையாகக் காட்ட முடிந்தது இந்தக் குறையால்தான். நாற்காலியை மூன்றடி உயரத்தில் வரைய வேண்டுமானால் மீட்டர் கணக்கு வேண்டும். படம் அதைத் தராது. இங்கே முடுக்கமானி கைகொடுக்கிறது. அதன் அளவு மீட்டரில் இருக்கிறது. அரை நொடிக்குள் தவறு வளர்வதற்கும் நேரமில்லை. அந்த அரை நொடியில் போன் எத்தனை சென்டிமீட்டர் நகர்ந்தது என்று அது சொன்னால், கேமரா வரைந்த படம் முழுவதற்கும் அளவுகோல் கிடைத்துவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது.

இது இப்படித்தான் நடக்கிறது என்பதை வீட்டிலேயே சரிபார்க்கலாம். நாற்காலி நிற்கும்போது கேமராவை விரலால் மூடிக்கொண்டு இரண்டடி நடந்துவிட்டு விரலை எடுங்கள். நாற்காலி நழுவியிருக்கும், அல்லது மறைந்து போயிருக்கும். வெள்ளையடித்த வெறும் சுவரை மட்டும் காட்டினால் புள்ளி கிடைக்காமல் போன் திணறும். தொடக்கத்தில் ‘போனை மெதுவாக நகர்த்துங்கள்’ என்று திரையில் வருவதும் இதனால்தான்; நகர்த்தாமல் ஆழமும் கிடைக்காது, அளவுகோலும் கிடைக்காது. 2017 ஜூனில் ஆப்பிள் ஏஆர்கிட் என்ற பெயரிலும், இரண்டு மாதம் கழித்து கூகுள் ஏஆர்கோர் என்ற பெயரிலும் இந்தக் கணக்கைப் போனின் இயங்குதளத்துக்குள்ளேயே வைத்தன.

முதல் புதிர் இத்தோடு தீர்ந்தது. இனி இரண்டாவது.

அதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். மிகை மெய்ம்மைச் செயலிகள் 2017க்கு முன்பே இருந்தன. ஆஸ்திரியாவில் தொடங்கிய விக்கிடியூட், ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய லேயர், மியூனிக்கில் மெட்டாயோ நிறுவனத்தின் ஜுனாயோ என்று 2008, 2009ஐ ஒட்டி ஒரு வரிசையே வந்தது. போனைத் தெருவில் உயர்த்திப் பிடித்தால் கட்டடங்களின்மேல் பெயர்ப்பலகைகள் மிதக்கும். இவை தங்களை ‘மிகை மெய்ம்மை உலாவிகள்’ என்று அழைத்துக்கொண்டன. ஆனால் லேயருக்காக எழுதியது விக்கிடியூடில் திறக்காது. விக்கிடியூடில் இருப்பதற்கு ஜுனாயோவிலிருந்து இணைப்புத் தர முடியாது. பெயரில் உலாவி இருந்தது. யார் எழுதியதையும் எந்த உலாவியிலும் திறக்கலாம் என்ற இணையத்தின் அடிப்படைக் குணம் இல்லை. பொருத்தமும் போதவில்லை. அவை நம்பியது ஜிபிஎஸ்ஸையும் திசைகாட்டியையும்தான். திறந்த வெளியில்கூட ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் அளவுக்கு விலகும். ஐம்பது மீட்டர் தொலைவிலுள்ள கட்டடத்தின் பலகை அதனால் ஏறக்குறைய ஆறு பாகை விலகித் தெரியும், பொறுத்துக்கொள்ளலாம். பத்து மீட்டரில் இருக்கும் கடைக்கு அதே பிழை 27 பாகையாகிவிடும். பலகை பக்கத்துக் கடைக்குப் போய்விடும்.

இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி கூட்டமைப்பு 2010 ஜூனில் பார்சிலோனாவில் இதற்காகவே ஒரு பட்டறை நடத்தியது. மிகை மெய்ம்மையை இணையத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பது கேள்வி. அப்போது வழியில்லை. உலாவிக்குள் முப்பரிமாணம் வரைவதற்கான வெப்ஜிஎல் தரநிலையே 2011 மார்ச்சில்தான் வந்தது. இணையப் பக்கம் கேமராவைக் கேட்டு வாங்கும் வசதி அதற்கும் பின்னால் வந்தது.

இந்த இரண்டும் வந்ததும் ஒரு குறுக்குவழி திறந்தது. கேமராவை அப்படியே பக்கத்தின் கையில் கொடுத்துவிடுவது. புள்ளி தேடுவது, கணக்குப் போடுவது, வரைவது எல்லாவற்றையும் பக்கமே பார்த்துக்கொள்வது. 2017ல் ஜெரோம் எட்டியென் வெளியிட்ட ஏஆர்.ஜேஎஸ் இப்படித்தான் வேலை செய்தது. 1999ல் ஹிரோகாசு காட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்ற பழைய நிரலை உலாவிக்குள் ஓடும்படி மாற்றி, கறுப்புச் சதுரம் அச்சிட்ட தாளின்மேல் பொருளை நிறுத்தியது. ஒரு செயலியும் நிறுவாமல், ஒரு சுட்டியைத் தொட்டாலே போதும் என்பதைப் பலர் முதன்முதலாகக் கண்டது அதில்தான். அந்த நிரலின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்த வழியே பொதுவழியாகியிருந்தால் அது பெரிய ஆபத்தாக முடிந்திருக்கும்.

காரணம், இணையம் எப்படிப்பட்ட இடம் என்பதில் இருக்கிறது. ஒரு செயலியை நிறுவும்போது கடைப்பெயரைப் பார்க்கிறோம், கொஞ்சம் யோசிக்கிறோம். இணையப் பக்கத்துக்கு அப்படியில்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சுட்டியைத் தொடுகிறோம். முன்பின் தெரியாத ஒருவரின் நிரல் நம் போனில் ஓடத் தொடங்குகிறது. தெரியாதவர் நிரல் ஓடினாலும் கெடுதல் நேராது என்ற உத்தரவாதத்தின்மேல்தான் இணையம் நிற்கிறது. அந்த நிரலின் கையில் முழுக் கேமராவையும் கொடுத்துவிட்டால், நாற்காலி வைக்க வந்தவர் அலமாரியிலுள்ள புத்தகங்களையும், சுவரில் மாட்டிய சான்றிதழையும், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் குறித்துக்கொண்டு போகலாம்.

கேமரா மட்டும்தான் ஆபத்து என்று எண்ணிவிடக் கூடாது. 2014ல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் போனின் கைரோஸ்கோப் அளவீடுகளைக் கொண்டே அருகில் ஒலிக்கும் பேச்சின் சில கூறுகளைப் பிரித்தறிய முடியும் என்று காட்டினார்கள். ஒலி அந்த உணரியையும் மெல்ல அதிரவைக்கிறது. நொடிக்கு எத்தனை முறை அளக்கலாம் என்று வரம்பு வைக்காவிட்டால் அது ஓர் ஒலிவாங்கியாகிவிடும். 2020ல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு ஆய்வு வந்தது. தலையில் மெய்நிகர் திரை மாட்டிய 511 பேரின் தலையசைவையும் கையசைவையும் பதிவு செய்தார்கள். ஒவ்வொருவரிடமிருந்தும் ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பதிவே போதும், பிறகு 95 சதவீதம் பேரைச் சரியாக அடையாளம் காண முடிந்தது. உயரம், தலையைச் சாய்க்கும் விதம், கையை ஓய்வாக வைக்கும் இடம் இவையே பெயர்ப்பலகையாகிவிடுகின்றன. இருப்புநிலை என்ற ஆறு எண்கள் பார்க்க எவ்வளவு அப்பாவியாக இருக்கின்றன!

ஆகவே, இதற்கான பொதுத் தரநிலையை எழுதியவர்கள் முன்னால் இருந்த கேள்வி, எவ்வளவு தரலாம் என்பதைவிட எவ்வளவு குறைவாகத் தந்தால் போதும் என்பதுதான். நம் ஊர்களில் ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் ஒன்றைத் தையற்கடைக்குக் கொடுத்தனுப்புகிறோம். தைப்பவர் உடுத்துகிறவரைப் பார்த்ததே இருக்காது. ஆனாலும் ரவிக்கை பொருந்துகிறது. தைக்கத் தேவையானது அளவு, ஆள் தேவையில்லை. வெப்எக்ஸ்ஆர் என்ற தரநிலை இதையே செய்கிறது. வீட்டைப் பார்ப்பது போனின் இயங்குதளமும் உலாவியும். இணையப் பக்கத்துக்குப் போவது அளவு மட்டும்.

இதன் வேர் மெய்நிகரில் இருக்கிறது. வெப்ஜிஎல்லைத் தொடங்கிவைத்த மொசில்லாவின் விளாடிமிர் வுகிசெவிச் 2014ல் மெய்நிகர் திரைகளை உலாவியோடு இணைக்கும் வெப்விஆர் முயற்சியைத் தொடங்கினார். கூகுளின் பிராண்டன் ஜோன்ஸ் கூடச் சேர்ந்தார். பார்ப்பவர் எங்கே இருக்கிறார், எத்தனை கண்களுக்கு வரைய வேண்டும், அடுத்த படம் எப்போது வேண்டும் என்ற மூன்றும் மெய்நிகருக்கும் மிகை மெய்ம்மைக்கும் பொது என்று தெரிந்ததும் இரண்டையும் ஒரே குடையின்கீழ்க் கொண்டுவந்து வெப்எக்ஸ்ஆர் என்று பெயர் மாற்றினார்கள். 2018ல் டபிள்யூ3சி இதற்கென ஒரு பணிக்குழு அமைத்தது. மிகை மெய்ம்மைப் பகுதி குரோம் உலாவியின் 81ஆம் பதிப்பில், 2020ல், பொதுமக்கள் கைக்கு வந்தது.

உள்ளே நடப்பது இது. பொத்தானை நாம் தொட்டால்தான் பக்கம் அனுமதி கேட்கவே முடியும். தானாகத் திறந்துகொள்ள முடியாது. மறையாக்கம் செய்யப்பட்ட இணைப்பில் வந்த பக்கத்துக்கு மட்டுமே அந்த வாய்ப்பு. நாம் சம்மதித்ததும் உலாவி கேமராவைத் திறக்கிறது. ஆனால் கேமராப் படம் பக்கத்துக்குப் போவதில்லை. பக்கத்துக்குக் கிடைப்பது ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இருப்புநிலை. அந்த இடத்திலிருந்து பார்த்தால் நாற்காலி எப்படித் தெரியும் என்று அது ஒரு வெறும் பின்னணியில் வரைந்து உலாவியிடம் கொடுக்கிறது. அதைக் கேமராப் படத்தின்மேல் வைத்துத் திரையில் காட்டுவது உலாவி. நாற்காலியும் கூடமும் சேர்ந்து நிற்கும் அந்தக் காட்சியை நாம் பார்க்கிறோம். அதை உண்டாக்கிய கடைக்காரரின் நிரல் பார்ப்பதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டை முதன்முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

தரை எங்கே என்பதற்கு ‘கதிர்ச் சோதனை’ என்று ஒரு வழி இருக்கிறது. நாம் விரல் வைத்த இடத்திலிருந்து ஒரு நேர்கோடு கிளம்பினால் அது முதலில் எதில் முட்டும் என்று பக்கம் கேட்கும். இந்த இடத்தில், இந்தச் சாய்வில் ஒரு பரப்பு இருக்கிறது என்று உலாவி சொல்லும். அது தரையா, மேசையா, படுத்திருக்கும் நாயின் முதுகா என்று சொல்லாது. பிறகு வரைபடம் திருத்தப்பட்டால் பொருள் நழுவாமலிருக்க, அந்த இடத்தில் ‘நங்கூரம்’ ஒன்றைப் போட்டுவைக்கும்படி பக்கம் கேட்கலாம்.

வெளிச்சத்தின் கதை இன்னும் நுட்பமானது. சன்னல் இடப்பக்கம் இருந்தால் நாற்காலியின் நிழல் வலப்பக்கம் விழ வேண்டும். குண்டு பல்பின் மஞ்சள் ஒளியில் மரம் மஞ்சளோடித் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டவைத்த படம் என்று கண் உடனே கண்டுபிடித்துவிடும். ஆனால் அறையின் ஒளியை முழுவதும் விவரித்தால் அது அறையின் புகைப்படமே ஆகிவிடும். பளபளப்பான பொருளில் தெரியும் பிரதிபலிப்பை விவரமாகக் கொடுத்தால் போன் பிடித்திருப்பவரின் முகம்கூட அதில் இருக்கும். தரநிலை கண்ட வழி, சூழ்ந்திருக்கும் ஒளியை 27 எண்களாகச் சுருக்குவது. சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் ஒன்பது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து, எந்த நிறத்தில், எவ்வளவு வருகிறது என்பதற்கு அவை போதும். ஒரு முகத்தை அந்த 27 எண்களிலிருந்து மீட்க முடியாது.

தரையிலிருந்து போனோ தலைக்கவசமோ எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதை முழுத் துல்லியமாகச் சொன்னால் அதுவே ஆளைக் காட்டிக்கொடுக்கும். அதனால் தரை உயரத்தைக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கும், நடமாடும் பரப்பின் எல்லைகளை ஐந்து சென்டிமீட்டருக்கும் முழுமையாக்கித் தரச் சொல்கிறது தரநிலை. நாற்காலி வைக்க அதற்குமேல் வேண்டியதில்லை.

இந்தக் கட்டுப்பாட்டுக்கு விலையில்லாமல் இல்லை. அருங்காட்சியகம் ஒன்று, ஓவியத்தை நோக்கிப் போனைப் பிடித்தால் அதன் வரலாற்றைச் சொல்லும் பக்கம் ஒன்றைச் செய்ய விரும்புகிறது. ஓவியத்தை அடையாளம் காணப் பக்கத்துக்குப் படம் வேண்டும். அதற்காகக் கேமராப் படத்தையே கேட்டுப் பெறும் துணைத் தரநிலை ஒன்று தனியே இருக்கிறது. அதற்குத் தனி அனுமதி. இந்தக் கதவு தேவைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது தனிக் கதவாகவே இருக்க வேண்டும். நாற்காலி வைக்க வந்தவர் அந்தக் கதவைத் தட்டினால் ஏன் என்று கேட்கும் உரிமை நமக்கு வேண்டும்.

தரநிலையின் இன்னொரு குணத்தையும் சொல்லியாக வேண்டும். போனில் ஒரு திரை; தலைக்கவசத்தில் கண்ணுக்கு ஒன்றாக இரண்டு. பக்கம் எத்தனை என்று ஊகிக்கக் கூடாது. உலாவி தரும் ‘பார்வை’கள் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை வரைய வேண்டும். இப்படி எழுதிய நிரல் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், மெட்டாவின் குவெஸ்ட் தலைக்கவசத்திலும் ஓடும். கண்ணாடி வழியே நேராக உலகைப் பார்க்கவிடும் ஹோலோலென்ஸ் போன்ற கருவிகளில் ஒரு விசித்திரம் உண்டு: அவை ஒளியைச் சேர்க்க முடியும், எடுக்க முடியாது. அங்கே கறுப்பாக வரைந்தது கண்ணுக்குத் தெரியாது. நாற்காலிக்கு நிழல் போட முடியாது. எந்த வகைத் திரையில் ஓடுகிறோம் என்று பக்கம் கேட்டறியவும் தரநிலையில் இடமிருக்கிறது. எழுதியவர்கள் அன்று சந்தையில் இருந்த ஒரு கருவியை மட்டும் மனத்தில் வைத்து எழுதவில்லை என்பதற்கு இதுவே சான்று.

ஆனால் தரநிலை என்பது ஓர் ஆவணம். உலாவி செய்பவர்கள் அதைச் செயல்படுத்தினால்தான் உயிர். டபிள்யூ3சி விதியில் இதற்கு ஒரு நல்ல உரைகல் உண்டு: ஒன்றையொன்று சாராத வெவ்வேறு உலாவிகள் அதே ஆவணத்தைப் படித்துச் செய்து, ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன என்று காட்டினால்தான் அது இறுதிப் பரிந்துரையாகும். வெப்எக்ஸ்ஆர் 2022ல் அதற்கு முந்தைய படியை எட்டியது. ஆண்ட்ராய்டு குரோமில் இருக்கிறது. தலைக்கவச உலாவிகள் பலவற்றில் இருக்கிறது. ஐபோனின் சஃபாரியில் மிகை மெய்ம்மைப் பகுதி இல்லை. ஆப்பிள் 2018ல் குயிக் லுக் என்ற தன் சொந்த வழியைக் கொண்டுவந்தது. பொருளைத் தொட்டால் பக்கத்துக்கு வெளியே, இயங்குதளத்தின் காட்சிப் பெட்டியில் அது திறக்கும். நாற்காலி தரையில் நிற்கும். அறை கடைக்காரருக்குத் தெரியாது. அந்தரங்கத்தில் குறையில்லை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் பக்கம் எழுதியவரால் செய்ய முடிவது மிகக் கொஞ்சம். ஒரு பாடத்தையோ விளையாட்டையோ அதற்குள் எழுத முடியாது.

நாற்காலியின் முப்பரிமாண உருவைச் சேமிக்கும் கோப்பு வடிவத்திலும் இதே பிளவு. குரோனோஸ் கூட்டமைப்பின் ஜிஎல்டிஎஃப் வடிவம் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். 2022ல் ஐஎஸ்ஓ தரநிலையாகவும் ஆனது. குயிக் லுக்குக்கு வேண்டியது பிக்சார் நிறுவனத்தின் வடிவத்திலிருந்து வந்த யுஎஸ்டிஇசட். ஆகவே ஒரு சிறு கடைக்காரர் இன்றும் ஒரே நாற்காலிக்கு இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்கிறார். பெரிய நிறுவனத்துக்கு இது சிறு செலவு. தன் வேலையைத் தானே பக்கமாக்கும் கைவினைஞருக்கும், பாடம் செய்ய நினைக்கும் ஆசிரியருக்கும் இதுவே கைவிடக் காரணமாகிவிடுகிறது. ஆப்பிள் ஐபோனின் உலாவியில் இந்தத் தரநிலையைச் சேர்க்க வேண்டும் என்று நான் உறுதியாகவே நினைக்கிறேன். அந்தரங்கத்தைக் காரணம் காட்ட முடியாத அளவுக்கு அது அந்தரங்கத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டிருக்கிறது.

இதுவரை சொன்னது கூடத்துக்குள் நடப்பது. தெருவுக்கு வந்தால் வேலை பாதிகூட முடியவில்லை. கூடத்து நாற்காலிக்கு உலக முகவரி வேண்டாம். இந்தப் போன் இந்த ஐந்து நிமிடத்துக்கு வரைந்த வரைபடம் போதும், பக்கத்தை மூடியதும் அது அழிந்துவிடலாம். ஒரு கோட்டைவாசலில் அதன் இடிந்த கோபுரத்தை அன்றிருந்தபடி நிறுத்தி, வருகிற எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் எல்லாப் போன்களுக்கும் பொதுவான வரைபடம் தேவை. ஜிபிஎஸ்ஸின் ஐந்து மீட்டர் இதற்கு உதவாது. போன் பார்க்கும் புள்ளிகளை ஏற்கெனவே படம்பிடித்து வைத்த தெருக்காட்சிகளோடு ஒப்பிட்டு இடம் சொல்லும் சேவைகள் 2022ல் கூகுளிடமிருந்தும் நியான்டிக்கிடமிருந்தும் வந்தன. மிக நன்றாக வேலை செய்கின்றன. ஆனால் அந்த வரைபடம் அந்தந்த நிறுவனத்தின் சொத்து. இடத்தைக் கேட்க, நாம் பார்ப்பது என்ன என்பதை அவர்களிடம் சொல்லியாக வேண்டும். புவிசார் தரவுகளுக்கான தரநிலைகளை வகுக்கும் ஓஜிசி, ஜியோபோஸ் என்ற ஒன்றை வெளியிட்டிருக்கிறது. பூமியின்மேல் ஒரு பொருளின் ஆறு எண்களையும் எல்லோரும் ஒரே மாதிரி எழுத அது வழி செய்கிறது. விடையை எழுதும் முறை பொதுவாகிவிட்டது. விடையைத் தரும் வரைபடம் இன்னும் பொதுவாகவில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் தெருத்தெருவாக நடந்து சேர்த்த சாலைகளையும் கட்டடங்களையும் இன்று யாரும் எடுத்தாளலாம். அதைப் போல, கட்டட முகப்புகளின் புள்ளிகளையும் எல்லோரும் சேர்க்கும், எல்லோரும் கேட்கும் ஒரு பொதுக் களஞ்சியம் வேண்டும். அதைக் கேட்கும்போது நம் கேமரா கண்டதை எவ்வளவு குறைவாகச் சொல்லலாம் என்ற கணக்கும் அதனுடனேயே எழுதப்பட வேண்டும்.